குறை சொல்லத் தெரியாதவள்

பிப்ரவரி 3, வெள்ளி
136/86

டாக்டர் சொன்னதால் எழுதுகிறேன். தினமும் காலையில் காப்பிக்கு முன்னால் பிரஷர் பார்த்துக் குறித்துவைக்க வேண்டுமாம். நம்பர் மட்டும் போதும் என்றார். ஆனால் டயர்க் கடையில் இலவசமாகக் கொடுத்த டைரி இது, ஒரு நாளுக்கு ஒரு முழுப் பக்கம். நம்பரை மட்டும் எழுதிவிட்டு மூடினால் பக்கம் வீணாகிறதே என்று மனசு கேட்கவில்லை.

எனக்கு வயது நாற்பத்தைந்து. சேலத்தில் பெண்களுக்கு மட்டும் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறேன். ஒரே ஒரு கார், அதில் என் காலடியிலும் ஒரு பிரேக். பிரஷர் வராமல் என்ன செய்யும்? இப்போது படிக்க வருகிறவர் எஸ்தர் டீச்சர், ரிட்டயரான கணக்கு வாத்தியார். ரிவர்ஸ் எடுக்கும்போது கண்ணை இறுக்க மூடிக்கொள்கிறார்.

டாக்டர் சீட்டை நீட்டினார், வாங்கிக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன். வெளியே வந்ததும் வீட்டுக்காரர், "ஒரு நன்றி சொன்னா வாய் சுளுக்கிக்குமா?" என்றார்.

"சுளுக்கிக்கும்" என்றேன்.

பிப்ரவரி 6, திங்கள்
132/84

எஸ்தர் டீச்சர் இன்று கண்ணைத் திறந்துகொண்டே சுவரில் இடித்தார். முன்னேற்றம்தான்.

பிப்ரவரி 11, சனி
134/84

புதுச் செருப்பு வாங்கினேன். ஏற்கெனவே எட்டு ஜோடி இருக்கிறதே என்று வீட்டுக்காரர் கணக்குச் சொன்னார். கொலுசுப் பட்டறையில் நாளெல்லாம் பொடிப் பொடி வளையத்தைப் பற்றவைக்கிற மனுஷன், எதையும் எண்ணாமல் விட மாட்டார். இருந்தால் என்ன, செருப்பு சோறா கேட்கிறது?

பிப்ரவரி 16, வியாழன்
134/86. சாயங்காலம் இன்னொரு தடவை பார்த்தேன்: 158/98. மத்தியானம் தின்ற கருவாடு.

ஆபீஸ் விலாசத்துக்கு ஒரு கடிதம் வந்தது. காரின் பின்கண்ணாடியில் என் பெயரும் விலாசமும் எழுதியிருக்கிறது, யாரோ பார்த்துப் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். அப்படியே ஒட்டிவைக்கிறேன்.

"நிறைவு. சுகுணாவுக்கு ஜெகதாம்பாள். இங்கே எல்லாம் நிறைவு. இந்த ஆண்டின் நன்றிகளைச் சொல்லுகிறேன். வலது கண்ணுக்கு முழு ஓய்வு கிடைத்ததற்கு நன்றி. இடது கண்ணும் அதன் பின்னால் ஓய்வுக்குப் போவதற்கு நன்றி. பிரதி எழுதும் வேலையிலிருந்து என்னை விடுவித்ததற்கு நன்றி. கீரை ஆயக் கை மட்டும் போதும் என்று காட்டியதற்கு நன்றி. வாசல் திறந்தே இருக்கிறது."

இருபத்தொரு வருஷம் கழித்து இதுதான். அதுவும் ஜெகதா தன் கையால் எழுதவில்லை. இது சௌந்தரவல்லி அக்காவின் எழுத்து, எனக்குத் தெரியாதா? ஜெகதாவின் எழுத்து அச்சுக் கோத்த மாதிரி இருக்கும். இரண்டு வரி எழுத அவளுக்குக் கை வரவில்லை, கூடத்துப் பொறுப்பாளரை விட்டு எழுதச் சொல்லியிருக்கிறாள். மாசி மாதம் உள்ளே எல்லாரும் யாருக்காவது நன்றிப் பட்டியல் எழுத வேண்டும், அந்தக் கடமையைக் கழித்தாயிற்று.

முதல் நன்றியிலேயே எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. மீதியைச் சரியாகப் படிக்கவில்லை.

பிப்ரவரி 17, வெள்ளி
150/94

தூக்கம் சரியில்லை, அவ்வளவுதான்.

பின்னால் நானே படித்துப் பார்த்தாலும் புரிய வேண்டுமே, அதனால் எழுதிவைக்கிறேன். ஆத்தூர் தாண்டி மலையடிவாரத்தில் நிறைவகம் என்று ஓர் இடம் இருக்கிறது. அதை ஆரம்பித்த ஐயா இப்போது இல்லை. உலகத்தில் குறை என்று எதுவும் கிடையாது, குறை என்று நினைப்பதுதான் நோய் என்பது அவர் போதனை. என் ஒன்பது வயதில் அப்பா எங்கள் காட்டை எழுதிக்கொடுத்துவிட்டு என்னைக் கூட்டிக்கொண்டு உள்ளே போனார். அந்த வருஷமே ஜெகதாவும் அவள் அம்மாவும் வந்தார்கள்.

அங்கே "இல்லை" என்ற சொல் கிடையாது. பசிக்கிறது, வலிக்கிறது என்று சொல்லக் கூடாது. எதுவானாலும் நன்றியாகத்தான் சொல்ல வேண்டும். கஞ்சியில் உப்பில்லாவிட்டால், "நாக்குக்கு ஓய்வு கொடுத்ததற்கு நன்றி." காய்ச்சலென்றால், "உடம்பு சூட்டுக்கு நன்றி." மருந்து கிடையாது. தவறிக் குறை சொல்லிவிட்டால் மௌனம். நாமல்ல, மற்றவர்கள். பத்து நாள் ஒருவரும் நம்மிடம் பேச மாட்டார்கள், முகத்தைக்கூடப் பார்க்க மாட்டார்கள். பத்து வயதில் எனக்குப் பல் வலித்தது. வலிக்கிறது என்று சொல்லிவிட்டேன். அந்தப் பத்து நாளும் ஜெகதா மட்டும் சாப்பாட்டு வரிசையில் எனக்குப் பின்னால் நின்று என் பின்னலை இழுத்துவிட்டுப் போவாள்.

செருப்பும் கிடையாது. உள்ளே நுழையும்போது கொடுத்துவிட வேண்டும். வாசலை ஒட்டி ஒரு கொட்டகை, அதில் பெயரெழுதிய சாக்கில் போட்டுவைத்திருப்பார்கள்.

அப்பா இறந்த பிறகு, இருபத்து நாலு வயதில் நான் வெளியே வந்தேன். ஜெகதா வரவில்லை.

பிப்ரவரி 19, ஞாயிறு
148/92

வீட்டுக்காரர் டைரியைப் புரட்டியிருக்கிறார். பிரஷர் நம்பர் பார்க்கத்தானாம். தோசைக் கரண்டியோடு திரும்பிப் பார்த்தால், ஒட்டிய கடிதத்தின் மேல் விரலை வைத்துக்கொண்டு நிற்கிறார்.

"இந்தம்மாவுக்குக் கண்ணு தெரியலன்னு எழுதியிருக்காங்களே, நீ பார்க்கலியா?"

"அது நன்றி லிஸ்ட்டுங்க. வருஷா வருஷம் எழுதறது."

"லிஸ்ட்டு கெடக்கட்டும். வலது கண்ணு ஓஞ்சு போச்சு, இடது கண்ணும் போயிட்டிருக்கு. எழுத்து வேலையைப் புடுங்கிட்டாங்க. கீரை ஆயறதுக்குக் கண்ணு வேண்டாம், கை போதும்னு உக்கார வெச்சிருக்காங்க. வேற என்ன அர்த்தம்?"

தோசை கருகிவிட்டது.

நிறைவகத்து வாசலைக்கூட மிதிக்காத மனுஷனுக்கு ஒரே தடவையில் புரிகிறது. பதினைந்து வருஷம் அந்தப் பாஷையிலேயே வளர்ந்தவள் நான். வெளியே வந்த நாளிலிருந்து நன்றி என்ற சொல் காதில் விழுந்தால் காதைப் பொத்திக்கொள்கிற புத்தி. பொத்திக்கொண்டு நல்லதாகப் படித்தேன். என் மேல் எனக்கே வெறுப்பாக வருகிறது.

அதனால்தான் அவள் தன் கையால் எழுதவில்லை.

பிப்ரவரி 20, திங்கள்
154/96

பதில் எழுதித் தபாலில் போட்டுவிட்டேன். சுற்றி வளைக்கவில்லை. "ஜெகதா, உனக்குக் கண் போய்க்கொண்டிருக்கிறது. இது கண் புரையாகத்தான் இருக்கும், அரை மணி நேர ஆபரேஷன். அந்த முட்டாள்தனத்தையெல்லாம் விட்டுவிட்டுக் கிளம்பு. நான் வந்து கூட்டிக்கொள்கிறேன்." இவ்வளவுதான். எழுதி முடித்ததும் நெஞ்சு லேசாக இருந்தது.

பிப்ரவரி 28, செவ்வாய்
138/88

காருக்கு இன்சூரன்ஸ் புதுப்பித்தேன். கிளட்ச் கொஞ்சம் தேய்ந்திருக்கிறது என்றார் மெக்கானிக். எஸ்தர் டீச்சர் நாலு ரோட்டில் வண்டியை அணைத்துவிட்டு, பின்னால் ஹாரன் அடித்த பஸ்காரரிடம் இறங்கிப்போய் மன்னிப்புக் கேட்டார். நான் பிரேக்கை மிதித்தபடி கண்ணை மூடிக்கொண்டேன்.

தபால் ஒன்றும் இல்லை.

மார்ச் 7, செவ்வாய்
கடிதம் வந்ததும் பார்த்தேன்: 168/102.

"நிறைவு. சுகுணாவுக்கு ஜெகதாம்பாள். உன் கடிதம் கூடத்தில் எல்லார் முன்னும் வாசிக்கப்பட்டதற்கு நன்றி. அதனால் எனக்குப் பத்து நாள் மௌனம் கிடைத்ததற்கு நன்றி. கண்ணுக்கு ஏற்கெனவே ஓய்வு இருந்தது, இப்போது காதுக்கும் கிடைத்ததற்கு நன்றி. பந்தல் நாளில் வாசலுக்கு வெளியே மோர்ப் பந்தலில் என்னை உட்காரவைப்பதாகச் சொன்னதற்கு நன்றி. வாசல் திறந்தே இருக்கிறது."

வெளியிலிருந்து வரும் கடிதத்தைச் சாப்பாட்டுக் கூடத்தில் உரக்க வாசிப்பார்கள். எனக்குத் தெரியாததா? சின்ன வயதில் எத்தனை கடிதம் கேட்டிருக்கிறேன். "உனக்குக் கண் போகிறது" என்று நான் எழுதினால், அவள் எனக்குக் குறை சொல்லி அழுதாள் என்றுதானே ஆகும். கண் தெரியாதவளைச் சுற்றிப் பத்து நாள் ஒருவரும் பேசாமல் இருந்திருக்கிறார்கள். சுவர் எது, ஆள் எது என்று அவளுக்கு எப்படித் தெரிந்திருக்கும்? பின்னலை இழுத்துவிடக்கூட ஆளில்லாமல்.

என் நெஞ்சு லேசாக வேண்டும் என்று எழுதினேன் பார்.

மார்ச் 8, புதன்

பார்க்கவில்லை.

மார்ச் 12, ஞாயிறு
152/96

நாலு நாளாக ஒரே கடிதத்தை எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன். வீட்டுக்காரர் சமையலறைப் பக்கம் தானே போய்த் தானே ரசம் வைத்தார். வாயில் வைக்க முடியவில்லை. அதையும் சொன்னேன். சொல்ல முடிகிறதே என்று அந்த நேரத்தில் தோன்றியது.

பந்தல் நாள் என்பது பங்குனியில் ஐயா பிறந்த நாள். வெயிலில் வருகிறவர்களுக்கெல்லாம் வாசலில் மோர் கொடுப்பார்கள். அன்றைக்கு இன்னொரு வழக்கமும் உண்டு. வெளியாள் யாரானாலும் வாசலில் நின்று, எல்லார் காதிலும் விழும்படி, "எனக்குக் குறை இருக்கு, துணை வேணும்" என்று கேட்கலாம். வாசல் பொறுப்பில் இருப்பவர், "என்ன குறை?" என்று கேட்பார். சொன்ன குறை மெய்யென்று அவருக்குப் பட்டால், உள்ளிருந்து ஒருவரையோ இருவரையோ துணைக்கு நாற்பது நாள் அனுப்புவார்கள். கெங்கவல்லியிலிருந்து வந்த ஒருவர் மனைவி படுத்த படுக்கை என்று சொல்லி இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போனதை நான் பார்த்திருக்கிறேன். அப்படித்தான் அந்தக் குடும்பமே பிறகு உள்ளே வந்தது. ஐயா கெட்டிக்காரர்.

முறையாகக் கேட்டால் மறுக்க முடியாது. "இல்லை" என்ற சொல்லைத்தான் அவர்களே ஒழித்துவிட்டார்களே.

கடைசியில் இதுதான் தேறியது.

"நிறைவு. நிறைவகத்தாருக்கும் ஜெகதாம்பாளுக்கும் சுகுணா. முந்திய கடிதத்தில் என் அவசரத்தை எனக்குக் காட்டியதற்கு நன்றி. எனக்கு ஒரு குறை வந்ததற்கு நன்றி. பந்தல் நாளில் காலை பத்து மணிக்கு வாசலுக்கு வந்து துணை கேட்க வழி இருப்பதற்கு நன்றி. என் காரில் ஓர் இடம் காலியாக இருப்பதற்கு நன்றி."

இதையும் கூடத்தில் வாசிப்பார்கள். வாசிக்கட்டும். நூறு பேர் கேட்ட பிறகு, கேள்விப்படவில்லை என்று ஒருவரும் சொல்ல முடியாது.

ஒவ்வொரு நன்றிக்கும் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

மார்ச் 20, திங்கள்
146/92

பதில் இல்லை. கிளட்ச் மாற்றியாயிற்று. சேலத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓட்ட வேண்டும், வழியில் நின்றுவிடக் கூடாது.

வாசலில் என்ன குறை என்று சொல்வது? பிரஷர் என்று சொல்லப்போகிறேன். பொய்யும் இல்லை, கையில் டைரியே இருக்கிறது. "ரத்தக் கொதிப்பு, வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லை."

"அப்ப நான் யாரு?" என்றார் வீட்டுக்காரர்.

"நீங்க கார்லயே உக்காந்திருங்க."

மார்ச் 25, சனி
156/96

எஸ்தர் டீச்சர் லைசென்ஸ் டெஸ்டில் பாஸ். எட்டுப் போட்டு, ரிவர்ஸும் எடுத்தார், கண்ணைத் திறந்துகொண்டு. என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல மேடம்" என்றார். "சொல்லாதீங்க" என்றேன். பாவம், முகம் சுருங்கிவிட்டது.

ஜெகதா வரவில்லை என்று போன மாதம் எழுதியிருந்தேன். அது சரியில்லை. வர மாட்டேன் என்று அவள் சொல்லவில்லை. அன்றைக்கு வர முடியாமல் போயிற்று.

நாளைக்குச் சீக்கிரம் எழுந்திருக்க வேண்டும்.

மார்ச் 26, ஞாயிறு
144/90

பந்தல் நாள். போய்விட்டு வந்துவிட்டோம். நாளைக்கு எழுதுகிறேன்.

மார்ச் 27, திங்கள்
132/84

ஒன்பதே முக்காலுக்குப் போய்ச் சேர்ந்தோம். மலையடிவாரத்து ஜல்லி ரோடு தார் ரோடாகியிருந்தது. வாசல் அதே வாசல். வெளியே தென்னங்கீற்றுப் பந்தல், நாலு மண்பானை மோர், நாற்பது ஐம்பது ஜனம். எல்லாருக்கும் முன்னால் சௌந்தரவல்லி அக்கா ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். தலை முழுக்க வெள்ளை. வாசல் பொறுப்பும் இப்போது அவளுக்குத்தான் போலிருக்கிறது.

ஜெகதா கடைசிப் பானைக்குப் பின்னால் இருந்தாள். மெலிந்திருந்தாள். டம்ளர் விளிம்பில் விரலை வைத்து, மோர் விரலில் பட்டதும் நிறுத்தினாள். ஒரு சொட்டு சிந்தவில்லை. முகம் ரோட்டைப் பார்த்திருந்தது, ஆனால் யாரையும் பார்க்கவில்லை. வீட்டுக்காரர் காரில் உட்காராமல் இறங்கி என் பின்னாலேயே வந்து நின்றுகொண்டார். அவரை ஒன்றும் சொல்லவும் தோன்றவில்லை.

சரியாகப் பத்து மணிக்கு வாசலில் போய் நின்றேன். "எனக்குக் குறை இருக்கு. துணை வேணும்."

ஜனம் அடங்கிவிட்டது. உள்ளேயிருந்தும் ஆட்கள் வந்து வாசலுக்கு அந்தப் பக்கம் நின்றார்கள். சௌந்தரவல்லி அக்கா என்னை நன்றாகப் பார்த்தாள்.

"என்ன குறை?"

"ரத்தக் கொதிப்புக்கா. வீட்டுல பார்த்துக்க ஆளில்ல."

அக்கா என் தோளுக்கு மேலாக வீட்டுக்காரரைப் பார்த்தாள். அவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஆளு பின்னாடியே நிக்குது. உன் கொதிப்புக்கு வெளியில மாத்திரையும் கெடைக்குது. அது குறையாப் படலியே. இன்னொரு தரம் சொல்லு. என்ன குறை?"

பொய்யை நன்றாகப் பாடம் பண்ணிக்கொண்டு போயிருந்தேன், அது போனதும் கை வெறுங்கையாகிவிட்டது. ஜெகதா பக்கம் திரும்பினேன். பானை வைத்திருந்த பலகைக்குக் கீழே அவள் கால் தெரிந்தது. மற்ற எல்லாரும் வெறுங்காலாக இருந்தார்கள். அவள் மட்டும் செருப்புப் போட்டிருந்தாள். நீல வார் ரப்பர் செருப்பு. எனக்குத் தெரிந்த செருப்பு, அவள் அம்மா உள்ளே வந்த நாளில் கழற்றிக் கொடுத்தது.

அதற்குப் பிறகு நான் பேசியதெல்லாம் நானாகப் பேசவில்லை.

"நானும் இவளும் சேர்ந்து போறதாத்தான்க்கா இருந்துச்சு. இருபத்தோரு வருஷத்துக்கு முன்னால. விடியக்காலம் பால் வேன் வளைவுல நிக்கும், அதுல ஏறிடலாம்னு நாந்தான் சொன்னேன். இவளுக்குக் கால் பித்தவெடிப்பு, ஜல்லி ரோட்டுல நடக்க முடியல. 'கொட்டகையில அம்மா செருப்பு இருக்கு, எடுத்துட்டு வந்துடறேன், ரெண்டு நிமிஷம் இரு'ன்னா. நான் போய் வேன்ல ஏறிட்டேன். டிரைவர் கேட்டாரு, 'இன்னும் யாராச்சும் வர்றாங்களாம்மா'ன்னு."

வீட்டுக்காரருக்குக்கூட இதை நான் சொன்னதில்லை. இந்த டைரியிலும் சொல்லவில்லை.

"இல்லன்னு சொன்னேன். யாருமில்ல, நீங்க எடுங்கன்னு சொன்னேன். மாட்டிக்குவோம்னு பயம். ரெண்டு நிமிஷம் இருக்க முடியல என்னால. அதான்க்கா குறை. அதுக்கு இவதான் துணை வரணும். வேற யாரு வந்தும் தீராது."

பந்தலில் ஒரு குழந்தை மட்டும் இன்னொரு டம்ளர் மோர் கேட்டது. சௌந்தரவல்லி அக்கா நாற்காலியிலிருந்து எழுந்தாள்.

"மெய்க் குறை" என்றாள். பிறகு பந்தல் பக்கம் திரும்பி, முறைப்படி கேட்டாள்: "ஜெகதாம்பாள், நாற்பது நாள் துணை போறியா?"

ஜெகதா கையிலிருந்த டம்ளரைத் தடவிப் பார்த்துப் பலகையில் வைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்தாள். பலகைக்கு அடியிலிருந்து ஒரு துணிப்பையை எடுத்தாள். பை ஏற்கெனவே கட்டியிருந்தது.

"போறேன்" என்றாள்.

நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். அவள் என் முகத்தைத் தொடவில்லை, தோளைத் தொட்டு, முதுகுக்குக் கை விட்டு, என் பின்னலைத் தேடிப்பிடித்து ஓர் இழுப்பு இழுத்தாள். நான் அங்கேயே நின்று அழுதேன், அத்தனை பேருக்கு முன்னால்.

கார்க் கதவு வரைக்கும் அக்கா பின்னாலேயே வந்தாள். மற்றவர்கள் காதில் விழாத குரலில், "அந்தக் கடுதாசி ரெண்டும் அவ சொல்லச் சொல்ல நான்தான் எழுதுனேன் சுகுணா. ஒரு எழுத்துகூட மாத்தல" என்றாள். பிறகு திரும்பிப் பார்க்காமல் நாற்காலிக்குப் போய்விட்டாள். அவளைப் பற்றி இருபத்தொரு வருஷமாக மனசுக்குள் திட்டிவைத்ததையெல்லாம் இனி எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

ஏறும்போது ஜெகதாவின் செருப்பு வார் அறுந்துவிட்டது. இத்தனை வருஷம் சாக்கில் கிடந்த ரப்பர், வேறென்ன செய்யும்? உள்ளே யாருக்கும் கொடுக்காத செருப்பை இவள் எப்படி வாங்கினாள் என்று கேட்டேன்.

"பந்தல்ல தரை சுடறதுக்கு நன்றின்னு காலையில மூணு தடவ சொன்னேன். அக்காவே போய்த் தேடி எடுத்தாந்து குடுத்துட்டா."

வாழப்பாடி தாண்டினோம். பிறகு அவளாகச் சொன்னாள், குரலில் கோபமே இல்லாமல்: "ரெண்டு நிமிஷத்துல வந்துட்டேன்டி அன்னிக்கு. வேன் திரும்பற சத்தம் கேட்டுச்சு." கொஞ்ச தூரம் போனதும், "அதான் இந்தத் தடவ போட்டுக்கிட்டே உக்காந்துட்டேன்" என்றாள்.

நான் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டேன். மீதித் தூரம் வீட்டுக்காரர்தான் ஓட்டினார்.

மார்ச் 30, வியாழன்
134/84

கண் ஆஸ்பத்திரி. இரண்டு கண்ணிலும் புரை. வலது கண்ணில் முற்றிப்போய் உள்ளே அழுத்தம் ஏறியிருக்கிறதாம். இன்னும் ஆறு மாதம் விட்டிருந்தால் ஒன்றும் செய்திருக்க முடியாது என்றார் டாக்டர். இப்போதும் முழுப் பார்வை வராது, வருகிற வரைக்கும் லாபம். முதலில் வலது. சனிக்கிழமை ஆபரேஷன். இடது கண்ணுக்கு மே 8.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்து ஜெகதா விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள்.

"மே எட்டுன்னா நாப்பது நாளு தாண்டிடுதே சுகுணா."

"ஆமா."

"அந்தத் தேதியைக் குடுத்ததுக்கு நன்றி" என்றாள். அவள் வாய்க்குள்ளேயே சிரித்ததை நான் பார்த்தேன்.

அவளுடைய அம்மா நாலு வருஷத்துக்கு முன் காலமானார் என்று வரும் வழியில் சொன்னாள். "காலு வலிக்கு ஓய்வு கிடைச்சுது" என்றாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

ஏப்ரல் 3, திங்கள்
128/82

கட்டுப் பிரித்தார்கள். மங்கலாகத் தெரிகிறது. நிறம் தெரிகிறது. முதலில் என் முகத்தைப் பார்த்து, "குண்டாயிட்டே" என்றாள். பிறகு பயந்துபோய், "நன்றி" என்று சேர்த்துக்கொண்டாள். வீட்டுக்காரர் சிரித்ததில் நர்ஸ் வந்து அதட்டிவிட்டுப் போனார்.

செருப்பு அலமாரியைத் திறந்துவிட்டு எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள் என்றேன். ஒன்பது ஜோடியையும் தடவிப் பார்த்தாள். ஏன் இத்தனை என்று கேட்கவில்லை. பழுப்பு நிறத்தில் ஒன்றை எடுத்துக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

ஏப்ரல் 5, புதன்
130/82

வேளைக்கு நாலு சொட்டு மருந்து. கண் எரிகிறதா என்று கேட்டால், "எரிச்சலுக்கு நன்றி" என்கிறாள். எரிகிறது என்று சொல்லேண்டி என்றால் விழிக்கிறாள். சாம்பாரில் இன்று நானே வேண்டுமென்று உப்புப் போடாமல் வைத்தேன். வீட்டுக்காரர் ஒரு வாய் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார், நான் கண்ணைக் காட்டினேன். ஜெகதா தட்டை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, "நிறைவு" என்றாள்.

எழுந்து போய்க் கொல்லைப்புறத்தில் நின்றுவிட்டு வந்தேன்.

ஏப்ரல் 9, ஞாயிறு

காலையில் எஸ்தர் டீச்சர் தானே கார் ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினார், ஈஸ்டர் கேக்கோடு. காம்பவுண்டுக்கும் காருக்கும் நடுவில் ஒரு முழம் இடம் விட்டிருந்தார். கேக்கை வாங்கிக்கொண்டு, "நன்றி டீச்சர்" என்றேன். வாய் சுளுக்கவில்லை. வீட்டுக்காரர் பேப்பரைத் தாழ்த்தி என்னைப் பார்த்துவிட்டு மறுபடி உயர்த்திக்கொண்டார்.

டீச்சரோடு பேசிக்கொண்டே காப்பி போட்டேன், கவனமில்லை. எல்லாருக்கும் கொடுத்தேன். ஜெகதா ஜன்னலோரம் உட்கார்ந்து, ஒரு வாய் குடித்தாள். டம்ளரை இறக்கிப் பார்த்தாள். வலது கண்ணை இடுக்கி டம்ளருக்குள்ளேயே பார்த்தாள். இன்னொரு வாய் குடித்தாள். பேசலாமா வேண்டாமா என்று அவள் உதடு அசைந்து அசைந்து நின்றது. டீச்சர் பேச்சை நிறுத்திவிட்டார்.

"சுகுணா."

"என்னடி?"

"காப்பியில சக்கரை இல்ல."

சொல்லிவிட்டு, யாராவது முகத்தைத் திருப்பிக்கொள்கிறோமா என்று ஒவ்வொருவராகப் பார்த்தாள். ஒருவரும் திருப்பிக்கொள்ளவில்லை. நான் சர்க்கரை டப்பாவையும் ஸ்பூனையும் கொண்டுபோய் அவள் பக்கத்தில் வைத்தேன். அவளே போட்டுக்கொண்டாள். மூன்று ஸ்பூன்.

இன்று பிரஷர் பார்க்க மறந்துவிட்டேன்.